வீட்டுக்குப் போகத் தகுதியான குழந்தை

லிஃப்ட் மெக்கானிக்குக் காலையில் பெண் குழந்தை பிறந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள், அந்தக் குழந்தை வீட்டுக்குப் போக இன்னும் தகுதி பெறவில்லை என்ற தகவலும் வந்து சேர்ந்தது.

தகவலைக் கொண்டுவந்த நர்ஸ் நல்ல மாதிரி. சொல்வதற்கு முன்பே முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"குழந்தை நல்லா இருக்கு. அம்மாவும் நல்லா இருக்காங்க. டாக்டர் நாளைக்கே கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டார். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க மூணாவது மாடியில ஆயத்த மையத்துக்குப் போய்ட்டு வரணும்."

"அங்க என்ன வேலை?"

"குழந்தைக்கு அத்தியாவசியப் பொருள் தேர்ந்தெடுக்கணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் நாங்க அனுப்ப முடியும்."

"அதெல்லாம் எப்பவோ வாங்கி வெச்சாச்சு," என்றாள் கட்டிலில் படுத்திருந்த மனைவி. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். வயிறு பெரிதாகி வேலைக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து மெல்லிய பருத்தியில் சின்னச் சின்னச் சட்டைகளும் சுற்றும் துணிகளும் வெட்டித் தைத்து, துவைத்துக் காயவைத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தாள். நாத்தனாரிடம் கேட்டு சோப்பு, குளிப்பாட்ட ஒரு தொட்டி, சின்ன மெத்தை, கொசுவலை எல்லாம் வாங்கியாகிவிட்டது.

"வாங்கிட்டீங்க, சரி. தேர்ந்தெடுத்தீங்களா?" என்று கேட்டார் நர்ஸ்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போய்ட்டு வந்துடுங்க," என்றாள் அவள். "ஒரு கையெழுத்தாத்தான் இருக்கும்."

மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போனான். பாதி வழியில் கயிறு முனகியது காதில் விழுந்தது. விடுப்பில் இருந்ததால் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

கீழே வார்டில் மின்விசிறி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இங்கே கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே குளிர் முகத்தில் அறைந்தது. கால் புதையும் கம்பளம். எங்கிருந்தோ மெல்லிய இசை. சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள். அவற்றில் ஒன்றுகூட இந்த மருத்துவமனையில் பிறந்ததாகத் தெரியவில்லை. இங்கே பிறந்தவை எல்லாம் கீழே வியர்வையில் நனைந்து அழுதுகொண்டிருந்தன.

"வாங்க அப்பா, உக்காருங்க," என்றார் முதுநிலை ஆலோசகர். அவனைவிட வயதில் மூத்த பெண்மணி. இருந்தும் அப்பா என்றே அழைத்தார். மையத்துக்குள் வருகிற எல்லா ஆண்களும் அங்கே அப்பாதான். பெயர் கேட்டு நேரத்தை வீணாக்கும் வழக்கம் இல்லை.

"அத்தியாவசியம்னா என்னன்னு நினைக்கிறீங்க அப்பா?"

"இல்லாம முடியாதது."

ஆலோசகர் பரிவோடு சிரித்தார். "எல்லா அப்பாவும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

பிறகு விளக்கினார். அத்தியாவசியத்தில் அடிப்படை அத்தியாவசியம், மேம்பட்ட அத்தியாவசியம், முழுமையான அத்தியாவசியம் என்று படிகள் இருந்தன. அடிப்படை ஒரு சின்ன மேசையின் ஓரத்தில், பூச்சாடிக்குப் பின்னால் இருந்தது. மேம்பட்டது ஒரு சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. முழுமைக்குத் தனி அறை.

"அடிப்படையை மட்டும் வெச்சு வளர்த்தா குழந்தை வளராதா?"

"வளரும். ஏன் வளருதுன்னு அதுக்கே தெரியாது."

அந்தத் தனி அறைக்குள் அவனைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். துடைக்கும் ஈரத்துணியைச் சூடேற்ற ஒரு பெட்டி. சில்லென்று பட்டால் குழந்தைக்கு உலகத்தின் மேல் நம்பிக்கை போய்விடுமாம். தானாக ஆடும் தொட்டில். அது ஆடும்போது தாயின் இதயத்துடிப்பு மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. பக்கத்து அறையில் மோட்டார் ஓடுவது போல இருந்தது என்று அவனுக்குப் பட்டது. அது அவன் தொழில் புத்தி. கடைசியாக, உள்ளங்கை அளவில் ஒரு கருவி.

"இது அழுகை அறியும் கருவி. குழந்தை அழுதா, பசியா, தூக்கமா, ஈரமா, வாயுவான்னு திரையில எழுத்துல வந்துடும்."

"தூக்கிப் பார்த்தா தெரிஞ்சிடுமே மேடம்?"

"தூக்கிப் பார்க்கிறது பழைய முறை அப்பா. அதுல பிழை வரும்."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எனக்கு அடிப்படையே போதும் மேடம். அதுலயும் பாதி வீட்டுல இருக்கு."

ஆலோசகரின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது. "அடிப்படையை யாரும் தேர்ந்தெடுக்கிறதில்லை அப்பா. தேர்ந்தெடுக்கிற உரிமை உங்களுக்கு இருக்குன்னு காட்டுறதுக்காகத்தான் அதை வெச்சிருக்கோம்."

"உரிமை இருக்குல்ல? அப்ப அதையே எடுத்துக்கிறேன்."

"சரி. ஆனா கருவி செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்வீங்கன்னு நிரூபிக்கணும். செய்முறைத் தேர்வு இருக்கு."

தேர்வு ஒரு பொம்மையை வைத்து நடந்தது. பொம்மை கண்ணாடிப் பெட்டிக்குள் மெத்தை போட்டுப் படுத்திருந்தது. அதற்குக் குளிராமல் இருக்கக் கம்பளியும் போர்த்தியிருந்தார்கள்.

"பார்த்துத் தூக்குங்க! அது ஒண்ணுதான் இருக்கு," என்றார் ஆலோசகர்.

மெக்கானிக் ஒரு கையைக் கழுத்துக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்துத் தூக்கினான். தோளில் சாய்த்து முதுகைத் தடவினான். துணியை அவிழ்த்து மாற்றிக் கட்டினான். கட்டிய துணி நழுவவில்லை. ஆலோசகர் நெடுநேரம் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"தேறலை அப்பா."

"ஏன், என்ன தப்பு?"

"முகத்துல மகிழ்ச்சி இல்லை."

"ரெண்டு ராத்திரியா தூங்கலை மேடம். அதுவும் இது பொம்மைதானே? இதுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியுதே."

"வேணும்னா என் குழந்தையத் தூக்கிக் காட்டட்டுமா? அதைப் பார்த்தா முகம் தானா மலரும்."

ஆலோசகர் பதறிவிட்டார். "குழந்தையெல்லாம் இங்க கொண்டுவராதீங்க! குழந்தை அசையும். அசைஞ்சா எப்படி மதிப்பெண் போடுறது?"

கீழே வந்து சொன்னபோது மனைவி முதலில் சிரித்தாள். தையல் போட்ட இடம் வலித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மீண்டும் தேர்வு. புன்னகைத்தான். புன்னகை பொம்மையைப் பார்த்து இல்லை, ஆலோசகரைப் பார்த்து இருந்தது என்று தேறவில்லை. அதற்கு அடுத்த நாள் பொம்மை பழுது பார்க்கப் போயிருந்தது. டாக்டர் தன் வேலை முடிந்தது என்று கட்டிலின் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். பக்கத்துக் கட்டில்காரி முழுமையான அத்தியாவசியத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு சரக்கு வண்டி நிறையப் பெட்டிகளோடு வீட்டுக்குப் போனாள். பெட்டிகளுக்கு நடுவே இடம் போதாமல், குழந்தையை மாமியார் மடியில் கொடுத்துப் பின்னால் ஆட்டோவில் போனாள். போகும்போது, "பேசாம எல்லாத்தையும் எடுத்துக்கங்கக்கா. தவணையில குடுக்கிறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இந்தத் துணியப் பாருங்க," என்றாள் மனைவி அன்று சாயங்காலம். குழந்தையைச் சுற்றியிருந்தது மருத்துவமனைத் துணி. பல குழந்தைகளைப் பார்த்து, பல தடவை வெந்து, சாக்கு மாதிரி ஆகியிருந்தது. குழந்தையின் கழுத்தடி சிவந்து தடித்திருந்தது. "நான் தைச்சு வெச்சிருக்கிறதுல நாலு எடுத்துட்டு வாங்க. இவங்க சரின்னு சொல்ற வரைக்குமாவது அது மேல நல்ல துணி படட்டும்."

எடுத்துவந்தான். வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து வருகிற பொருளுக்கு மையத்தின் அனுமதி வேண்டும். மையத்தில் ஆலோசகர் ஒரு துணியை எடுத்து, நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன அப்பா?"

"துணி."

"துணின்னா? எந்த வயசுக்கு, எந்தப் பருவத்துக்கு, எந்த மனநிலைக்கு?"

"சுத்துறதுக்கு மேடம். என் வீட்டுக்காரி அவ கையால தைச்சது."

"அம்மா தைச்சதா?" ஆலோசகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏதோ வியாதியைப் பற்றிப் பேசுவது போல. "தப்பு சொல்லலை. ஆசை இருக்கும். ஆனா பாசம் தரக்கட்டுப்பாடு ஆகாது. பரிசோதனைக்கு அனுப்புறேன்."

பரிசோதனை முடிந்தது என்று கூப்பிட்டபோது ஓட்டமாக ஓடினான். ஆலோசகர் நிஜமாகவே மகிழ்ச்சியோடு கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள் அப்பா! எல்லாத் துணியும் தேறிடுச்சு. இவ்வளவு மென்மையான துணிய எங்க ஆய்வுக்கூடம் இதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம்."

மேசை மேல் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும், பரிசோதனைக்காக வெட்டியெடுத்த ஒரு சதுர ஓட்டை.

அவன் ஒன்றை விரித்துப் பிடித்து ஓட்டை வழியாக ஆலோசகரைப் பார்த்தான். "அப்ப இதை எடுத்துட்டுப் போகலாமா?"

"அதான் முடியாது. துணி தேறிடுச்சு. ஆனா இப்ப ஓட்டை இருக்கே? ஓட்டை இருக்கிற துணிய ஒரு பச்சைக் குழந்தைக்கு எப்படி அனுமதிக்கிறது? நீங்களே சொல்லுங்க."

துணிகளையும் மையமே வைத்துக்கொண்டது, தேறிய மாதிரிகளாம். ஒன்றே ஒன்றை மட்டும் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கீழே வந்து மனைவியிடம் காட்டினான். அவள் அதைக் கையில் வாங்கி, வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தடவினாள்.

"வெட்டினவனுக்குக் கத்தரி பிடிக்கவே தெரியலை," என்றாள் கடைசியில். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பிரசவ வலியில்கூட அவள் அழுது அவன் பார்த்ததில்லை. திட்டித்தான் பார்த்திருக்கிறான்.

அன்றுதான் அவனுக்குக் கோபம் வந்தது. அவன் சுலபமாகக் கோபப்படுகிற ஆள் இல்லை. ஒரு லிஃப்ட் வரவில்லை என்றால் ஏதாவது ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்று நம்பிப் பிழைத்தவன். மையத்துக்குப் போய் மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று குரலை உயர்த்திக் கேட்டான். மேலதிகாரியாகத் தனி ஆள் யாரும் இல்லை, தேர்வுக் குழு இருக்கிறது என்றார்கள். அதிசயமாக, அன்றைக்கே குழு கூடியது.

நீள்சதுர மேசை. சுற்றி உறுப்பினர்கள். எல்லோர் முன்னாலும் தேநீர், பிஸ்கட். செயல்விளக்கத்துக்காக யாரோ எடுத்துவந்த அழுகை அறியும் கருவி தலைவரின் முன்னால் கிடந்தது. அதை அணைக்க மறந்திருந்தார்கள்.

"முதல்ல உங்களைப் பாராட்டணும் அப்பா," என்று ஆரம்பித்தார் தலைவர். சதைப்பிடிப்பான, கனிந்த முகம். "குறை சொல்ல வர்றவங்களை நாங்க மதிக்கிறோம். அவங்களுக்குன்னு தனியா நாற்காலி போட்டிருக்கோம்."

அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் ஆடியது.

"சார், குழந்தைக்கு ஒடம்பு சரியாத்தான் இருக்கு. வீடு இருக்கு. துணி இருந்துச்சு. எங்களை அனுப்பிடுங்க."

"இதைத்தான் நான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்றேன். ஒரு குழந்தை தயார் இல்லாம வீட்டுக்குப் போகலாமா? நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மையத்தோட பேர் என்ன ஆகும்? குழந்தைங்க வரும், போகும். மையம் நிக்கணும்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். தலைவரின் முன்னால் இருந்த கருவி மெல்ல ஒளிர்ந்தது. 'வாயு' என்று திரையில் எழுத்து ஓடியது. கவனித்தவர்கள் பிஸ்கட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்னையே எடுத்துக்கங்க," என்றார் தலைவர் நெகிழ்ந்துபோய். "எனக்கு மூணு பிள்ளைங்க. அதுங்க எப்படி வளர்ந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு இந்த மையத்துக்காக உழைச்சிருக்கேன்."

'வாயு' என்றது கருவி.

"சார், குழந்தைக்கு இப்ப வேண்டியது பால். அது அவங்க அம்மாகிட்ட இருக்கு. அம்மாவுக்கு வேண்டியது தூக்கம். அது இங்க இல்லை. வீட்டுல இருக்கு."

தலைவர் பக்கத்து உறுப்பினரிடம் குனிந்து கேட்டார். "அம்மா நம்ம பட்டியல்ல வர்றாங்களா?"

உறுப்பினர் தேடிப் பார்த்தார். "முழுமையான அத்தியாவசியத்துல அம்மாவோட இதயத்துடிப்புச் சத்தம் இருக்கு சார். அம்மா இல்லை. அம்மா பொருள் ஆக மாட்டாங்க."

"அதுக்குத் துணைக்குழு போடலாமே?"

"போட்டிருக்கு சார். இன்னும் கூடலை. உறுப்பினர் எல்லாம் ஆம்பளைங்களா இருக்காங்கன்னு ஒரு ஆட்சேபம் வந்துச்சு. ஆட்சேபத்தை விசாரிக்க ஆம்பளைங்களாவே நியமிச்சிருக்கோம்."

தலைவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். "பார்த்தீங்களா அப்பா? எதையும் நாங்க விட்டுடலை. உங்க விஷயத்துல ஒரு சலுகை தர்றோம். வீட்டு ஆய்வு அதிகாரி வந்து உங்க வீட்டைப் பார்ப்பாங்க. வீடு சரியா இருந்தா, செய்முறைத் தேர்வுக்கு இன்னொரு வாய்ப்பு."

"அவங்க எப்ப வருவாங்க?"

"விடுப்புல இருக்காங்க. அவங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கு."

மெக்கானிக் எழுந்தான். ஆடிய கால் முழுதாக ஒடிந்து நாற்காலி சாய்ந்தது. கருவி அந்தச் சத்தத்தையும் கேட்டு, 'தூக்கம்' என்று காட்டியது.

கீழே மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. பை மடியில். குழந்தை தோளில்.

"என்ன சொன்னாங்க?"

சொன்னான்.

"நான் போறேன்," என்றாள்.

"விட மாட்டாங்களே."

"யார் விட மாட்டாங்க? பிடிச்சு இழுக்கட்டும். பச்சை உடம்புக்காரி மேல கை வைக்கட்டும், பார்ப்போம்."

நர்ஸ் எதிரே வந்தார். மூவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், மருந்து அலமாரியில் எதையோ தேடுவது போல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

மெதுவாக நடந்தார்கள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது. லிஃப்டை அவன் தவிர்த்தான். நடுவில் நின்றுபோனால் தானே சரிசெய்ய வேண்டியிருக்கும். சாய்தளத்தில் அவளுக்குக் கைகொடுத்து இறக்கினான். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது கூப்பிடுவார்கள் என்று முதுகு எதிர்பார்த்தது. வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

மெக்கானிக் முந்திக்கொண்டான். "அண்ணே, பாருங்க, மையத்துல இன்னும்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. அந்தத் துணியக் குடுத்துட்டுப் போங்க."

"எந்தத் துணி?"

"குழந்தையச் சுத்தியிருக்கே, அது. ஆஸ்பத்திரிச் சொத்து. வெளிய போகக் கூடாது."

"குழந்தை?" என்று கேட்டாள் மனைவி.

காவலாளி யோசித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தனக்குச் சொல்லப்பட்டதையெல்லாம் மனதுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. "குழந்தையப் பத்தி எதுவும் சொல்லலையே. போர்வை, தலையணை உறை, துணி, சக்கர நாற்காலி. இதுதான் வெளிய போகக் கூடாது."

"அப்ப நாங்க முதல் நாளே போயிருக்கலாமா?"

"துணியக் குடுத்திருந்தா போயிருக்கலாம்மா."

மெக்கானிக் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். வாசலில் நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. சட்டையைக் கழற்றி உதறி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, கையில் ஏந்தினான். மனைவி மருத்துவமனைத் துணியை உருவிக் காவலாளியிடம் கொடுத்தாள். பிறந்தமேனியாகக் காற்று பட்டதும் குழந்தை உடம்பை முறுக்கிக் கத்தியது. சட்டைக்குள் வைத்து, கைகளை இரண்டு பக்கமும் மடித்து, அவள் சுற்றினாள். அழுகை விக்கலாகி நின்றது.

காவலாளி துணியை உதறி, கிழிசல் எதுவும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தியாகி வழிவிட்டார். "சரியா இருக்கு. போங்க."

வெற்று மார்போடு ஒரு மனிதனும், சட்டையில் சுற்றிய குழந்தையோடு ஒரு பெண்ணும் ஆட்டோவில் ஏறினார்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன சார், பில்லு அவ்வளவு வந்துச்சா?" என்றார். அவர்கள் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை.

நாத்தனார் வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். அலமாரியில் மிச்சமிருந்த துணிகள் நிறையவே இருந்தன. குழந்தை குளித்தது, குடித்தது, தூங்கியது, நனைத்தது, அழுதது. அழுதபோது தூக்கிப் பார்த்தார்கள். சில தடவை என்ன வேண்டும் என்று தெரிந்தது. சில தடவை தெரியவில்லை. தெரியாமலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தடிச் சிவப்பு மெல்ல வடிந்தது.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்த சமயம், ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. அவன் வேலைக்குப் போயிருந்தான். மனைவி திறந்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் அதிகாரி. விடுப்பு முடிந்து வந்தவர். கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் பால் காய்ந்த கறை.

"ஆயத்த மையத்துலேருந்து வர்றேங்க. வீட்டு ஆய்வு. குழந்தை வர்றதுக்கு முன்னாடி வீடு தயாரா இருக்கான்னு பார்க்கணும்."

"குழந்தை உள்ள தூங்குது."

அதிகாரி திடுக்கிட்டார். கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "உள்ளயா? இங்க இருக்கக் கூடாதேங்க. இது குழந்தை வர்றதுக்கு முந்தின ஆய்வு. கொஞ்ச நேரம் வேற எங்கயாவது தூக்கி வெச்சீங்கன்னா நான் முடிச்சுட்டுப் போயிடுவேன்."

"இப்பதாங்க தூங்குச்சு."

அந்த வார்த்தை அதிகாரிக்குப் புரிந்தது. முகம் ஒரு கணம் தளர்ந்தது. உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்பட்டது போலக்கூடத் தெரிந்தது. பிறகு மறுபடியும் அதிகாரி ஆனார்.

"அப்ப என் அறிக்கையில நான் என்னங்க எழுதுறது?"

மனைவி கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுல ஆள் இருக்காங்கன்னு எழுதுங்க."